சேலம் விமானத்தில் சீட்டும் பையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலம் விமான நிலையம் இருக்கும் காமலாபுரத்துக்கு 2023 அக்டோபரில் மறுபடி விமானம் வரத் தொடங்கிய பிறகு, டிக்கெட் போட்டுக் கொடுக்கும் எங்கள் மேசைக்கு வரும் கேள்விகள் மாறிவிட்டன. "எவ்வளவு ஆகும்?" என்று கேட்டுவிட்டு, அடுத்த மூச்சில் "எந்த சீட் நல்லது? இந்தப் பெட்டியை உள்ளே விடுவாங்களா?" என்கிறார்கள். இணையத்தில் இதற்கெல்லாம் அறிவுரை கொட்டிக் கிடக்கிறது. ஆனால் அதில் பெரும்பகுதி பெரிய ஜெட் விமானங்களை மனதில் வைத்துச் சொன்னது. சேலத்துக்கு வருவது ஏடிஆர் 72 என்ற புரொப்பல்லர் விமானம். ஓடுபாதை ஏறத்தாழ 1.8 கிலோமீட்டர்தான், அதற்கு இந்த வகைதான் தோது. பெரிய விமானத்துக்குச் சொன்ன யோசனையை இதில் கடைப்பிடித்தால் பாதி நேரம் தலைகீழாகத்தான் முடியும். அதனால் நம் ஊர் விமானத்துக்கான பதில்கள் முதலில், சென்னை, பெங்களூரு, ஹைதராபாத்தில் மாறிப் பெரிய விமானம் ஏறுகிறவர்களுக்கானவை இடையிடையே.

கேட் திறக்கும் முன்பே வரிசையில் நின்றுவிட்டால் நல்லதா?

சீட் எண் போர்டிங் பாஸிலேயே இருக்கிறது. முதலில் ஏறினாலும் கடைசியில் ஏறினாலும் அதே சீட்தான், விமானமும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில்தான் கிளம்பும். முந்துகிறவருக்குக் கிடைப்பது ஒன்றே ஒன்று: தலைக்கு மேலிருக்கும் லாக்கரில் இடம்.

ஊர் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு சீட் பிடிப்போமே, விமானத்தில் அந்தத் துண்டு மேலே ஏறிவிட்டது. சீட்டுக்கு யாரும் அடித்துக்கொள்வதில்லை, லாக்கருக்குத்தான் அடித்துக்கொள்கிறார்கள். ஆகவே உங்கள் பை முன் சீட்டுக்கு அடியில் போகிற அளவுதான் என்றால், வரிசை குறையும்வரை உட்கார்ந்தே இருங்கள். மேலே வைத்தே ஆக வேண்டிய பெட்டி கையில் இருந்தால் வரிசையின் முன்பாதியில் நிற்பதில் அர்த்தம் உண்டு. வேறு எதற்கும் இல்லை.

அதற்காகக் கடைசிவரை உட்கார்ந்துவிடவும் வேண்டாம். உள்நாட்டு விமானங்களுக்கு கவுன்ட்டர் பொதுவாகப் புறப்பாட்டுக்கு 60 நிமிடம் முன்பும், கேட் 25 நிமிடம் முன்பும் மூடப்படும். விமானம் கண்ணெதிரே நிற்கிறதே என்று வாதாடிப் பயனில்லை.

ஏற்காட்டிலிருந்து நேராக ஏர்போர்ட் வருகிறோம். எத்தனை மணிக்குக் கிளம்பணும்?

மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். அதன் பிறகு ஊரைக் கடந்து ஓமலூர் பக்கம் வர வேண்டும். சாதாரண நாளில் ஒன்றரை மணி நேரம் ஒதுக்கினால் போதும். சனி, ஞாயிறு, கோடை விழா நாட்கள் என்றால் இன்னும் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். குப்பனூர் வழி சிலருக்குப் பிடிக்கும். அது சேலத்தின் கிழக்குப் பக்கம் இறங்கும், ஏர்போர்ட் மேற்கே இருக்கிறது என்பதை யோசித்துவிட்டு முடிவெடுங்கள்.

முன் சீட்டுக்குக் கூடுதல் பணம் கேட்கிறார்கள். கட்டலாமா?

சேலம் விமானத்தில் என்றால், இறங்குகிற அவசரத்துக்காகக் கட்ட வேண்டாம். இதுதான் நிறையப் பேருக்குத் தெரியாத விஷயம்: ஏடிஆரில் பயணிகள் ஏறும் கதவு பின்பக்கம். முன்பக்கக் கதவு சரக்குக்கு. விமானி அறைக்கும் முதல் வரிசைக்கும் நடுவில் பெட்டிகள் வைக்கும் அறை இருக்கிறது. ஆகவே 1-ஆம் வரிசைக்காரர் எல்லோரையும் தாண்டி உள்ளே போய், எல்லோரும் இறங்கிய பிறகு கடைசியாக வெளியே வருகிறார். கடைசி வரிசைக்காரரோ கதவருகே எழுந்தால் போதும், தரையில் நிற்பார்.

சத்தக் கணக்கும் இதே பக்கம்தான் சாய்கிறது. இறக்கைக்கு முன்னால் புரொப்பல்லர் சுழல்வதால் முன்பாதியில் இரைச்சலும் அதிர்வும் அதிகம், பின்னால் போகப் போகக் குறையும். தூங்க நினைப்பவரும், குழந்தையைத் தூங்கவைக்க நினைப்பவரும் பின்னால் போங்கள்.

முன் வரிசைக்கு என்ன பெருமை என்றால் சில விமானங்களில் கால் நீட்ட இடம் கூடுதல். ஆனால் ஏடிஆரின் அவசர வழிகள் முன்பக்கத்திலும் இருக்கின்றன. அவற்றை ஒட்டிய சீட்டைச் சிறுவர்கள், கர்ப்பிணிகள், உதவி தேவைப்படும் முதியவர்கள் ஆகியோருக்குத் தர மாட்டார்கள். முன்னால் வேறு சீட் இல்லாத வரிசை என்றால் கைப்பையைக்கூடக் காலடியில் வைக்க விடமாட்டார்கள், மேலே ஏற்றச் சொல்வார்கள். உயரமானவர், முழங்கால் வலிக்காரர் தவிர மற்றவர்களுக்கு அந்தப் பணம் வீண் என்பது என் கருத்து.

சென்னையில் மாறி ஏர்பஸ் ஏ320 ஏறுகிறீர்கள் என்றால் கதை வேறு. அங்கே முன்கதவு உண்டு. ஏரோபிரிட்ஜில், அதாவது கட்டடத்திலிருந்து விமானக் கதவுவரை நீளும் நடைபாலத்தில், நிறுத்தினால் முன் வரிசை உண்மையிலேயே சீக்கிரம் இறங்கும். பஸ்ஸில் கூட்டிப்போனால் முன்னும் பின்னும் இரண்டு கதவும் திறப்பார்கள், அப்போது நடு வரிசைக்காரர்தான் மாட்டிக்கொள்வார். இண்டிகோ 2022-இல் மூன்றாவது கதவையும் திறந்து இறக்கும் முறையைக் கொண்டுவந்தது இந்தக் காரணத்துக்காகத்தான். எப்படி இறங்கினாலும் பஸ் நிறையும்வரை கிளம்பாது என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

சீட்டுக்குப் பணமே கட்டாவிட்டால் நிற்கவைத்துவிடுவார்களா?

மாட்டார்கள். பணம் கட்டாதவருக்கும் வெப் செக்-இன்னிலோ கவுன்ட்டரிலோ ஏதாவது ஒரு சீட் கிடைக்கும். அது எது என்பதைத் தேர்ந்தெடுக்கும் உரிமைக்குத்தான் காசு. ஏடிஆரில் பக்கத்துக்கு இரண்டு சீட் வீதம்தான், நடு சீட் என்ற பேச்சே இல்லை. தானாகக் கிடைப்பதும் ஜன்னல் அல்லது ஓரம். எனவே தனியாகப் போகிறவர் சேலம் விமானத்தில் சீட்டுக்குச் செலவழிக்க எனக்குக் காரணம் தெரியவில்லை. மூன்று மூன்றாக சீட் உள்ள பெரிய விமானத்தில், அதுவும் நாலு மணி நேரம் துபாய்ப் பக்கம் போகிறவர் என்றால், நடு சீட்டைத் தவிர்க்கக் கொஞ்சம் செலவழிப்பதில் தப்பில்லை.

வெப் செக்-இன் திறந்த உடனே செய்துவிடுங்கள். இலவச சீட்டுகளில் நல்லவை முதலில் போய்விடும்.

கைக்குழந்தையும் எட்டு வயசுப் பையனும் கூட வராங்க. தனித்தனியா போட்டுட்டா?

2024 ஏப்ரலில் விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் அரசு அமைப்பான டிஜிசிஏ ஒரு உத்தரவு போட்டது. ஒரே பிஎன்ஆரில் (டிக்கெட் பதிவு எண்ணில்) வரும் 12 வயது வரையிலான குழந்தைக்கு, பெற்றோர் அல்லது பொறுப்பாளர் ஒருவருக்குப் பக்கத்திலாவது சீட் தர வேண்டும், அதைப் பதிவும் செய்து வைத்திருக்க வேண்டும் என்பது விதி. "ஒரே பிஎன்ஆர்" என்பதைக் கவனியுங்கள். அப்பாவுக்கு ஆபீஸ் கணக்கில் ஒரு டிக்கெட், அம்மாவுக்கும் பையனுக்கும் தனி டிக்கெட் என்று பிரித்துப் போட்டால் கணினிக்கு நீங்கள் ஒரு குடும்பம் என்று தெரியாது. பிரிந்துதான் கிடக்கிறது என்றால் விமானத்துக்குள் போய்க் கெஞ்சுவதைவிட, கவுன்ட்டரிலேயே சொல்லுங்கள். அங்கே மாற்றுவது அவர்களுக்கு ஒரு நிமிட வேலை.

பொண்ணு முதல் தடவை தனியாப் போகுது. பக்கத்துல பெண்கள் இருக்கிற சீட் கிடைக்குமா?

இண்டிகோவில் 2024 முதல் இந்த வசதி உண்டு. பெண் பயணி வெப் செக்-இன் செய்யும்போது, வேறு பெண்கள் எடுத்த சீட்டுகள் அவருக்கு மட்டும் அடையாளத்தோடு தெரியும். டிக்கெட் போடும்போது பெயருக்கு முன் ஆணா பெண்ணா என்ற குறிப்பைச் சரியாகக் கொடுத்திருக்க வேண்டும். மற்ற கம்பெனிகளில் கவுன்ட்டரில் கேட்டால் பெரும்பாலும் பார்த்துச் செய்துகொடுக்கிறார்கள்.

சேர்வராயன் மலை தெரியணும்னா எந்தப் பக்கம் உட்காரணும்?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஏடிஆரின் இறக்கை ஜன்னலுக்கு மேலே இருக்கிறது. கீழே பார்க்க இறக்கை மறைக்காது. நடு வரிசைகளில் மட்டும் என்ஜின் கூடு கொஞ்சம் மறைக்கும். அதிக உயரத்திலும் பறப்பதில்லை, 25,000 அடிக்கு மேல் இந்த விமானத்துக்கு அனுமதியே கிடையாது. எனவே வானம் தெளிவாக இருந்தால் ஏரி, ரோடு, கிழங்குக் காடு எல்லாம் அடையாளம் தெரியும்.

சென்னை போகும்போது வலப்பக்கம். காமலாபுரத்திலிருந்து வடகிழக்காகப் போகிற பாதையில் ஏற்காடு வலக்கைப் பக்கம் வரும். மேலே ஏறியதும் இடப்பக்கம் தருமபுரி, ஜவ்வாது மலைப் பக்கம். பெங்களூரு போகிறீர்கள் என்றால் இடப்பக்கம் உட்காருங்கள், மேட்டூர் நீர்த்தேக்கம் அந்தப் பக்கம்தான். திரும்பி வரும்போது பக்கங்கள் மாறும். ஓடுபாதையின் எந்த முனையிலிருந்து கிளம்புகிறார்கள் என்பது அன்றைய காற்றைப் பொறுத்தது, முதல் இரண்டு நிமிடம் விமானம் வளைந்து போகலாம். அதனால் உத்தரவாதம் தர முடியாது, வாய்ப்பு மட்டும்தான். மாலைப் பயணத்தில் மேற்குப் பக்க ஜன்னலுக்கு வெயில் கண்ணில் குத்தும்.

மலை ஏறினாலே எனக்கு வாந்தி வரும். எந்த சீட்?

இறக்கையை ஒட்டிய நடு வரிசைகள். குலுக்கல் அங்கே குறைவு, வால் பக்கம் அதிகம். சத்தம் குறைந்த பின்பக்கமா, ஆட்டம் குறைந்த நடுப்பக்கமா என்று நீங்கள்தான் எடுக்க வேண்டும். புத்தகம், போன் பார்க்காதீர்கள். காலையில் எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம்.

கைப்பெட்டிக்கு அளவு என்ன? பார்க்காமல் விட்டுவிடுவார்கள் என்கிறார்களே?

இண்டிகோவில் 55 × 35 × 25 சென்டிமீட்டர், 7 கிலோ. சக்கரம், கைப்பிடி எல்லாம் சேர்த்துத்தான் அந்த அளவு. கடையில் "கேபின் சைஸ்" என்று விற்கும் பெட்டிகளில் சில சக்கரத்தை விட்டுவிட்டு அளந்தவை. இது போக லேப்டாப் பையோ பெண்கள் கைப்பையோ ஒன்று. மற்றக் கம்பெனிகளில் எடை குறையலாம். உங்கள் டிக்கெட்டில் அச்சாகியிருக்கும் எண்தான் கணக்கு, பக்கத்து வீட்டுக்காரர் போன மாதம் கொண்டுபோனது கணக்கல்ல.

ஆனால் அளவு சரியாக இருந்தால் பெட்டி உள்ளே போகும் என்று நினைத்தால் சேலத்தில் ஏமாறுவீர்கள். ஏடிஆர் லாக்கர் ஏர்பஸ்ஸைவிடச் சிறியது. விதிப்படி சரியான டிராலி பெட்டியைக்கூட, படுக்கைவாட்டில் திருப்பி வைத்தால்தான் உள்ளே போகும், சில பெட்டி அதற்கும் அடங்காது. அதனால்தான் படிக்கட்டருகே ஒருவர் நின்று டிராலிகளுக்கு டேக் கட்டி வாங்கி, சரக்கு அறையில் ஏற்றுகிறார். இதற்குக் காசு கிடையாது. கோபப்படவும் ஒன்றுமில்லை. பெட்டியை இரண்டு படி தூக்கி, ஒடுங்கிய நடைபாதையில் இடித்துக்கொண்டு போகும் வேலையை அவர் மிச்சப்படுத்துகிறார்.

துணிப் பையோ முதுகுப் பையோ கொண்டுவருபவர் இந்த விமானத்தில் ராஜா. நெளிந்து கொடுக்கும், சீட்டுக்கு அடியிலும் போகும்.

படிக்கட்டில் பெட்டியை வாங்கிக்கொண்டால் அதற்குள் இருப்பது?

இதற்குத்தான் முன்னேற்பாடு தேவை. பவர் பேங்க், தனி பேட்டரி போன்றவை சரக்கு அறைக்குப் போகவே கூடாது. லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் ஆள் இருக்கும் இடத்தில் அணைக்க முடியும், சரக்கு அறையில் யார் பார்ப்பது? அதோடு மாத்திரை, இன்சுலின், கண்ணாடி, வீட்டுச் சாவி, நகை, பாஸ்போர்ட், லேப்டாப். இவை எல்லாவற்றையும் பெட்டிக்குள் தனியாக ஒரு சின்னப் பையில் போட்டு வையுங்கள். டேக் கட்டும்போது அந்தப் பையை மட்டும் உருவிக்கொண்டு ஏறிவிடலாம். படியில் பெட்டியைப் பிரித்துப்போட்டுத் தேடுகிறவரால் அவருக்குப் பின்னால் இருக்கும் மொத்த வரிசையும் வெயிலில் நிற்கும், சேலத்து வெயிலை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பவர் பேங்க் அளவு பற்றி: 100 வாட்-அவர் வரை கேள்வி இல்லை. கடையில் கிடைக்கும் 20,000 எம்ஏஎச் பேங்க் ஏறத்தாழ 74 வாட்-அவர்தான், பிரச்சினை இல்லை. 27,000-ஐத் தாண்டினால் வரம்பைத் தொட்டுவிடும், 160 வரை விமானக் கம்பெனியின் அனுமதி வேண்டும். விமானத்துக்குள் லாக்கரில் வைக்காமல் கண்ணில் படும்படி வைத்துக்கொள்ளுங்கள், அதிலிருந்து சார்ஜ் போடவும் வேண்டாம்.

நம்ம ஊர்ச் சாமான் எதை எங்கே வைப்பது?

மாம்பழத்திலிருந்து ஆரம்பிப்போம், சீசனில் பாதிப் பேர் கையில் அதுதான். உள்நாட்டுக்குத் தடையில்லை. ஆனால் மல்கோவாவைக் கைப்பையில் வைத்தால் 7 கிலோ அதிலேயே தீர்ந்துவிடும். செங்காயாக எடுத்து, அட்டைப் பெட்டியில் வைக்கோலோ காகிதமோ போட்டுக் கட்டி, செக்-இன்னில் போடுங்கள். அமெரிக்கா, ஆஸ்திரேலியா போகிறவர்கள் பழமே கொண்டுபோக வேண்டாம், அங்கே இறங்கியதும் பிடுங்கிக்கொள்வார்கள்.

வெள்ளிக் கொலுசு கையோடுதான். செவ்வாய்ப்பேட்டையிலிருந்து நாலைந்து ஜோடி வாங்கிப்போகிறவர்கள் எடை அதிகம் என்று செக்-இன்னில் போடுகிறார்கள். நகை காணாமல்போனால் விமானக் கம்பெனி பொறுப்பேற்காது என்று டிக்கெட் நிபந்தனையிலேயே இருக்கும். பில்லையும் கூட வையுங்கள், எக்ஸ்ரேயில் கொத்தாகத் தெரியும், திறந்து காட்டச் சொல்வார்கள்.

ஜவ்வரிசி, ஏற்காட்டுக் காபித்தூள், மிளகு எல்லாம் கடைப் பாக்கெட்டைப் பிரிக்காமல் கொண்டுபோங்கள். தட்டுவடை செட்டைச் சட்னியோடு கட்டித் தரச் சொல்லாதீர்கள். தட்டுவடை தனியாகப் போகட்டும். நெய், ஊறுகாய் இரண்டும் கைப்பையில் வேண்டாம், மூடியைச் சுற்றி டேப் ஒட்டி செக்-இன்னுக்கு. இளம்பிள்ளைச் சேலை எங்கே வைத்தாலும் சரி, சாப்பாட்டோடு மட்டும் வைக்காதீர்கள்.

தேங்காய்தான் எப்போதும் சண்டை. கொப்பரைத் தேங்காய் எண்ணெய்ப் பசை உள்ளது, எரியும், அதனால் தடை. முழுத் தேங்காயையும் கைப்பையில் விடமாட்டார்கள். சபரிமலை இருமுடிக்கு மட்டும் 2024 அக்டோபரிலிருந்து 2025 ஜனவரி 20 வரை மத்திய அரசு விலக்கு கொடுத்தது. மாலை போடுகிறவர்கள் அந்த வருடத்துக்கு விலக்கு இருக்கிறதா என்று கேட்டுவிட்டு ஏறுங்கள். தீப்பெட்டி, லைட்டர் எந்தப் பையிலும் கூடாது. கோயிலுக்குப் போகிற பையில் கற்பூரத்தோடு தீப்பெட்டியும் ஒட்டிக்கொண்டிருக்கும், கிளம்பும் முன் ஒரு தடவை கைவிட்டுத் துழாவுங்கள்.

என் சீட்டுக்கு மேலே இருக்கிற லாக்கரில் வேறு யாரோ பையை வைத்துவிட்டார். எடுக்கச் சொல்லலாமா?

கேட்கலாம், ஆனால் உரிமையாகச் சொல்ல முடியாது. போர்டிங் பாஸ் உங்களுக்கு எழுதிக் கொடுப்பது சீட்டை. முன் சீட்டுக்கு அடியில் இருக்கும் இடம் வழக்கப்படி உங்களுடையது. மேல் லாக்கர் பொது. அதை நீங்களாகத் தொட்டு நகர்த்தாதீர்கள், பணிப்பெண்ணைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். அவர் பையைத் திருப்பி வைத்தாலே பாதி நேரம் இடம் வந்துவிடும்.

20-ஆம் வரிசைக்காரர் வருகிற வழியில் 4-ஆம் வரிசை லாக்கரில் பெட்டியைத் தள்ளிவிட்டுப் போவதுதான் பெரிய விமானங்களில் பெரிய தொல்லை. இறங்கும்போது பை கையில் வந்துவிடும் என்று அவர் கணக்குப் போடுகிறார். 4-ஆம் வரிசைக்காரரோ தன் பையைப் பின்னால் வைத்துவிட்டு, இறங்கும் கூட்டத்தை எதிர்த்து நடக்க வேண்டும். தன்னலம் என்று திட்டுவதோடு இதை விட்டுவிட முடியாது, அடுத்த கேள்வியைப் பாருங்கள்.

பின் சீட்டுக்காரர்களை முதலில் ஏற்றினால் கூட்டமே இருக்காதே? ஏன் செய்வதில்லை?

கேட்டால் நியாயமாகத் தெரியும். சோதித்துப் பார்த்தால் அது மெதுவான முறை. ஜேசன் ஸ்டெஃபன் என்ற இயற்பியலாளர், வானியல் ஆராய்ச்சிக்காரர், இதைக் கணினியில் போட்டுப் பார்த்து 2008-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். பிறகு 12 வரிசையுள்ள மாதிரி விமானத்தில் 72 பேரைப் பெட்டிகளோடு ஏற்றியும் பார்த்தார்கள். பகுதி பகுதியாகப் பின்னாலிருந்து ஏற்றினால் 6 நிமிடம் 54 விநாடி. எந்த ஒழுங்கும் இல்லாமல் கண்டபடி விட்டால் 4 நிமிடம் 44 விநாடி! ஜன்னல், நடு, ஓரம் என்ற வரிசையில் விட்டால் 4 நிமிடம் 13 விநாடி. ஸ்டெஃபன் சொன்ன முறையில் 3 நிமிடம் 36 விநாடி.

ஏன் இப்படி? நேரத்தைத் தின்பது நடப்பதல்ல, பையை மேலே ஏற்றுவது. பின்னால் ஐந்து வரிசைக்காரர்களை ஒரே நேரத்தில் விட்டால் முப்பது பேரும் ஒரே இடத்தில் முட்டுவார்கள். ஒருவர் பையைத் தூக்குவார், இருபத்தொன்பது பேர் வேடிக்கை பார்ப்பார்கள். விமானம் முழுக்க ஆட்கள் பரவி நின்றால் பத்துப் பேர் ஒரே நேரத்தில் பத்து லாக்கரில் வைப்பார்கள். ஸ்டெஃபன் முறையில் ஒரு பக்கத்து ஜன்னல் சீட்டுக்காரர்கள் ஒரு வரிசை விட்டு ஒரு வரிசையாகப் போவார்கள், அடுத்தவர் கை இவர் மேல் படாது.

அவ்வளவு நல்லதென்றால் ஏன் யாரும் பின்பற்றவில்லை? நம் கல்யாணக் கூட்டம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஜன்னல் சீட் பாட்டியை முதலில் அனுப்பிவிட்டு, நடு சீட் பேரனை ஐந்து நிமிடம் கழித்து, ஓர சீட் மருமகளைக் கடைசியாக என்று சொன்னால் கேட்டிலேயே ரகளை. அமெரிக்காவில் யுனைடெட் 2023 அக்டோபரில் ஜன்னல்-நடு-ஓரம் முறையைத் திரும்பக் கொண்டுவந்தது, ஆனால் ஒரே டிக்கெட்டில் வருபவர்களைப் பிரிப்பதில்லை. சவுத்வெஸ்ட் கம்பெனி ஐம்பது ஆண்டுக்கு மேல் சீட் எண்ணே இல்லாமல் விமானம் ஓட்டியது. 2026 ஜனவரி 27-இலிருந்து அதுவும் சீட் எண்ணுக்கு மாறிவிட்டது.

இன்னொரு காரணம் பணம். அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 2008-இல் முதல் செக்-இன் பெட்டிக்கே காசு வாங்க ஆரம்பித்தது, மற்றவையும் பின்தொடர்ந்தன. ஜனங்கள் பெட்டியைக் கையில் கொண்டுவந்தார்கள், லாக்கர் நிரம்பியது. உடனே "முதலில் ஏறும் உரிமை" விற்பனைக்கு வந்தது. தட்டுப்பாட்டை உண்டாக்கிவிட்டு அதற்கு டோக்கன் விற்பது போலத்தான் எனக்கு இது படுகிறது. நம் நாட்டு உள்நாட்டு டிக்கெட்டில் பொதுவாக 15 கிலோ செக்-இன் கட்டணத்திலேயே அடங்கியிருக்கிறது. ஆகவே அமெரிக்கக்காரர் மாதிரி எல்லாவற்றையும் கையில் சுமக்க நமக்கு அவசியமில்லை. பெல்ட்டில் பத்து நிமிடம் காத்திருக்கப் பொறுமை இருந்தால் போதும்.

சேலத்து ஏடிஆருக்கு இந்தக் கணக்கைத் திருப்பிப் போட வேண்டும். கதவு பின்னால் இருப்பதால் இங்கே தூரத்து சீட் என்பது முன் சீட். கடைசி வரிசைக்காரர் முந்திக்கொண்டு ஏறி, நடைபாதையில் நின்று பையைத் திணித்தால் மற்ற எழுபது பேரும் படிக்கட்டில். எனவே சீட் எண் பெரியதா? கொஞ்சம் பின்னால் நில்லுங்கள்.

காலியாக இருக்கிற சீட்டுக்கு மாறி உட்காரலாமா?

கேட்டுவிட்டு. ஏடிஆர் சிறிய விமானம், யார் எங்கே உட்காருகிறார்கள் என்பது எடைச் சமநிலைக் கணக்கில் சேரும். ஏறும்போது வாலுக்கு அடியில் ஒரு கம்பு முட்டுக்கொடுத்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். எல்லோரும் பின்கதவில் கூடினால் மூக்கு தூக்கிவிடாமல் இருக்கத்தான் அது. ஆள் குறைவான நாளில் பணிப்பெண்ணே சிலரை முன்னாலோ பின்னாலோ மாறச் சொல்வார். சீட் பிடித்துவிட்டதே என்று அப்போது அடம்பிடிக்காதீர்கள்.

அம்மாவுக்கு மூட்டுவலி. படி ஏற முடியுமா?

சேலத்தில் ஏரோபிரிட்ஜ் இல்லை. ஏடிஆரின் கதவே கீழே விரிந்து படியாகிவிடும், சில படிகள்தான். அதுவும் முடியாதென்றால் டிக்கெட் போடும்போதே சக்கர நாற்காலி கேளுங்கள், கடைசி நேரத்தில் கேட்டால் ஆள் இல்லாமல் காத்திருக்க நேரும். அப்படிப் போகிறவர்களை முதலில் ஏற்றி, கடைசியில் இறக்குவார்கள். சென்னையில் வேறு விமானம் மாறுவதாக இருந்தால் அந்த நேரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சீட் பின் வரிசையில் எடுங்கள், உள்ளே நடக்கும் தூரம் மிச்சம்.

சேலம்–சென்னை–சிங்கப்பூர். பெட்டியைச் சேலத்திலேயே போட்டுவிட்டால் நேரே போய்விடுமா?

ஒரே டிக்கெட்டாக இருந்தால் கவுன்ட்டரில் கேளுங்கள், டேக்கில் கடைசி ஊர்ப் பெயர் அச்சாகியிருக்கிறதா என்று நீங்களே படித்தும் பாருங்கள். தனித்தனி டிக்கெட் என்றால் சென்னையில் பெட்டியை எடுத்து மறுபடி செக்-இன் செய்ய வேண்டும். கைப்பை அளவையும் இரண்டு விமானத்தில் எது சிறியதோ அதற்கே தயார் செய்யுங்கள். சிங்கப்பூர் விமானத்தின் லாக்கர் பெரியது என்பதால் சேலத்தில் படிக்கட்டுக்காரர் இரக்கப்பட மாட்டார். பன்னாட்டுப் பகுதியில் திரவம் 100 மில்லி விதி கண்டிப்பு, சேலத்தில் தாண்டிய பாட்டில் சென்னையில் குப்பைத் தொட்டிக்குப் போகும்.

சக்கரம் தரையைத் தொட்டதும் எல்லோரும் எழுந்து பையை எடுக்கிறார்களே?

சீட் பெல்ட் விளக்கு அணையும்வரை உட்காருங்கள், அவ்வளவுதான் இதற்குப் பதில்.

அவசரமாக வெளியேறச் சொன்னால் மட்டும் கதை வேறு. அப்போது பையைத் தொடவே கூடாது. பாதிக் கதவுகள் மட்டும் திறந்தால்கூட 90 விநாடியில் எல்லோரையும் வெளியேற்ற முடிகிறதா என்று பார்த்துத்தான் ஒரு விமான வகைக்கு அனுமதி தருகிறார்கள். 2016 ஆகஸ்ட் 3-ஆம் தேதி திருவனந்தபுரத்திலிருந்து போன எமிரேட்ஸ் விமானம் துபாயில் தரையில் மோதித் தீப்பிடித்தது. உள்ளே புகை சூழ்ந்த நேரத்தில் ஆட்கள் லாக்கரைத் திறந்து பையையும் லேப்டாப்பையும் தேடுவது வீடியோவில் பதிவானது. விமானத்தில் இருந்த 300 பேரும் தப்பினார்கள், தீயணைப்பு வீரர் ஒருவர் இறந்தார். 2024 ஜனவரி 2-இல் டோக்கியோவின் ஹனேடாவில் ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் எரிந்தபோது, உள்ளே இருந்த 379 பேரும் பைகளை விட்டுவிட்டு இறங்கினார்கள். விமானம் முழுவதும் எரிந்துபோனது, அவர்கள் அத்தனை பேரும் பிழைத்தார்கள். பாஸ்போர்ட்டையும் போனையும் சட்டைப் பையிலோ இடுப்புப் பையிலோ வைத்திருப்பவருக்கு விட்டுவிட்டு ஓடுவது சுலபம்.

படிக்கட்டில் கொடுத்த பெட்டி எங்கே கிடைக்கும்?

சில நேரம் இறங்கியதும் விமானத்துக்குப் பக்கத்திலேயே, சில நேரம் பெல்ட்டில். டேக் கட்டும்போதே எங்கே வரும் என்று கேட்டுக்கொள்ளுங்கள், துண்டுச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். வராவிட்டாலோ உடைந்து வந்தாலோ வெளியே போகும் முன் விமானக் கம்பெனி மேசையில் எழுத்தில் புகார் கொடுத்து, அதன் நகலை வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டுக்குப் போய் போன் செய்துகொள்ளலாம் என்று வெளியே வந்துவிட்டால், பெட்டி உள்ளேதான் உடைந்தது என்று நிரூபிப்பது உங்கள் வேலையாகிவிடும்.